மாமாவின் பாட்டு பிளேட்டில் ஏறப்போன நாள்

என் தாய்மாமா காளைகளை வைத்துக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டுவார். காளைகள் தண்ணீர் நிறைந்த தோல் சால் ஒன்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது பாட்டில் ஒரு அடி வரும். தண்ணீர் கொட்டியபின் அவை பின்னால் நடந்து கிணற்றுமேட்டுக்கு ஏறும்போது அடுத்த அடி. கூடவே மாமாவும் இறங்குவார், ஏறுவார். குரல் சோளக்காட்டுப் பக்கம் போய்த் தேய்ந்து, மறுபடி நெருங்கி வரும். வாய்க்கால் ஓரம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அதைக் கேட்டால், பூமியே தூளிபோல் மெல்ல ஆடும்.

அவருடைய பாட்டு அவரைவிட வேகமாக ஊர் சுற்றியது. நாமக்கல் பக்கம் எந்தக் கிணற்றில் நின்றாலும் காதில் விழும். ஒருமுறை சந்தையில் யாரோ அதைப் பாடிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இது ஆரு கட்டுனதுங்க?” என்று மாமா ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

“எங்க பாட்டன் கட்டுனதுங்க. இப்பத்த ஆளுகளுக்கு இப்படியெல்லாம் வருமுங்களா?”

மாமா சிரித்தார். ஆனால் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

அந்த வருடந்தான் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் சேலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, நாட்டுப்பாட்டுகளைப் பிளேட்டில் ஏற்றினார்கள். பிளேட்டின் நடுவில் பாடியவர் பேரை அச்சடிப்பார்களாம்.

“பேரு ஏறிட்டா அப்பறம் எவனும் பாட்டன் பாட்டுன்னு சொல்ல முடியாதுக்கா” என்றார் மாமா.

“மொதல்ல தலையச் சீவு. பிளேட்டுல மூஞ்சி தெரியாட்டியும் அங்க இருக்கறவங்க பாப்பாங்கல்ல” என்றாள் அம்மா.

வழித்துணைக்கு நான் போனேன். எட்டு வயது. அந்நியர் முன்னால் வாயே திறக்கமாட்டேன்.

சுவரெல்லாம் கம்பளி தொங்கிய அறை. பகலிலும் மங்கலாக, தண்ணீருக்கடியில் நிற்பதுபோல இருந்தது. குரலைப் பிடிக்கும் பெரிய குழாய் ஒன்று எங்களைப் பார்த்து வாயைத் திறந்திருந்தது. மாமா அதன்முன் நின்று பாடத் தொடங்கினார். முதல் அடியிலேயே கால் தானாகத் திரும்பியது. பாடிக்கொண்டே கதவுவரை நடந்தார். அடுத்த அடிக்குத் திரும்பி வந்தார்.

“யோவ், என்ன ஊர்வலமா போறே? குழாய்க்கு முன்னாடி நில்லுய்யா!” என்று கம்பெனிக்காரர் கத்தினார்.

“மாடு எறங்குதுங்களே” என்றார் மாமா. அங்கிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது தடவையும் கால் கேட்கவில்லை.

“பாட்டைப் பதிக்க இன்னும் ஒரே ஒரு மெழுகுத் தட்டுதான் தருவேன். அதுவும் வீணானா ஊருக்குக் கிளம்பு” என்ற கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். “தம்பி, உன் மாமனை நகராமப் பிடிச்சுக்கோ.”

பின்னாலிருந்து மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முதல் அடி வந்தது. அது முடியும் இடத்தில் அவர் உடம்பு ஒருமுறை நடக்க உந்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினேன்.

இரண்டாவது அடி வரவில்லை. மெழுகுத் தட்டு சுற்றும் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் மூச்சை இழுப்பதும் விடுவதும் என் கன்னத்தில் தெரிந்தது. பிறகு கம்பெனிக்காரர் போகச் சொல்லிக் கையை அசைத்தார். வெளியே வந்தோம்.

“ஏறுச்சா?” என்று அம்மா வாசலிலேயே கேட்டாள்.

“இல்லக்கா.” மாமா என் தலையில் கை வைத்தார். “ஆனா நம்ம சாமி புடி உடும்புப்புடி. என்னய ஒரு எட்டு நகர உடல.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், எதற்கும் வாய் திறக்காத நான், ஒரு பையனை நடுவில் நிறுத்தி இடுப்பைக் கட்டிக்கொண்டு, மாமாவை எப்படி அசையவிடாமல் பிடித்தேன் என்று எல்லோருக்கும் செய்து காட்டினேன்.