ஃபெரியில் விழுங்கிய இரண்டு மாத்திரை

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவரை கம்பெனிக்காரர்கள் வியட்நாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே புதிதாகத் திறந்த கிளையை இரண்டு வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜார்ஜ் டவுன் வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன்.

எங்கள் வீடு தீவில், எனக்கு வேலை கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். ஜெட்டிவரை காரில் கொண்டுவந்து விடுவது அவர்தான். ஃபெரி ஏறியதும் தைராய்டு மாத்திரை இரண்டை விழுங்குவேன். வெறும் வயிற்றில் போட வேண்டிய மருந்து அது. இறங்கி நடந்து, ரொட்டி சானாய் கடையில் உட்காரும்போது சாப்பிட நேரம் சரியாக இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் தரும் பையில் மலாயில் ‘2 பிஜி’ என்று போட்டிருப்பார்கள், அதாவது இரண்டு மாத்திரை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் மருந்துக் கணக்கு பிஜிதான். பிரஷருக்கு ஒரு பிஜி, சர்க்கரைக்கு இரண்டு பிஜி என்போமே தவிர, அதற்குமேல் யாரும் படிப்பதில்லை.

அவர் போனபிறகு கிளினிக்குக்கு அலைய எனக்கு அலுப்பு. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் சேலை எடுக்கச் சென்னைக்குக் கிளம்பினாள். இங்கிருந்து யார் சென்னை போனாலும் தைலம், மாத்திரை என்று சொல்லி அனுப்புவது வழக்கம். நானும் மருந்தின் பெயரைச் சொன்னேன். பெரிய டப்பாவாகவே வாங்கி வந்துவிட்டாள்.

“அதே மருந்துதான் அண்ணி. கடையில நல்லா கேட்டுத்தான் வாங்குனேன்லா.”

பெயர் அதேதான். நானும் வழக்கம்போல இரண்டு விழுங்கினேன்.

சில வாரங்களில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. தூக்கம் போனது. கை நடுங்கியது. காற்றாடிக்குக் கீழேயே வியர்த்துக் கொட்டியது. ஃபெரியில் தனியாக நிற்கும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, எல்லாம் அவரை நினைத்துத்தான். ஆபீஸ் தோழிகள், “இந்த வயசுல என்னக்கா, புதுப்பொண்ணு மாதிரி!” என்று கிண்டல் செய்தார்கள். வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஐம்பதை நெருங்கும் எனக்குள் இவ்வளவு பிரியமா என்று நானே வியந்துகொண்டேன்.

ஒருநாள் தாங்க முடியாமல் போனில் அவரிடம் சொல்லிவிட்டேன். உடனே சொன்னார்: “நீ அழாத. திங்கக்கிழமை லெட்டர் குடுத்துட்டு வந்துடறேன். வேலை போனா போகட்டும்.”

அன்று நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஜெட்டியில் அவருடைய கார் நிற்பதைக்கூடக் கற்பனை செய்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, தூங்குவதற்கு ஏதாவது வாங்கலாம் என்று பக்கத்து மருந்துக்கடைக்குப் போனேன். மருந்தாளர் நம் தமிழ்ப் பெண்தான். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். கைப்பையிலிருந்த டப்பாவை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவள், கிளினிக் பையையும் கேட்டாள். அதுவும் கைப்பைக்குள்ளேயே கசங்கிக் கிடந்தது.

“அக்கா, பிஜிய மட்டும் பாத்தா எப்படி? பழசு ஒண்ணு அம்பது மைக்ரோகிராம். இது ஒண்ணு நூறு. நீங்க டபுள் டோஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. இது ஹார்ட்டுக்கே ஆபத்து. தூக்க மாத்திரை தரமாட்டேன், இப்பவே டாக்டரைப் பாருங்க.”

டாக்டரும் அதையேதான் சொன்னார். இதயத் துடிப்பையும் ரத்தத்தையும் சோதித்து, கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தி, பிறகு சரியான அளவில் தொடங்கச் சொன்னார். இன்னும் சில வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று வீடு வந்த பிறகுதான் பயந்தேன்.

பயம் அடங்கியதும் இன்னொரு எண்ணம் வந்தது. இதை அவரிடம் சொல்லாமல் இருந்தால் என்ன? திங்கட்கிழமை அவர் லெட்டர் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்துவிடுவார். என் நெஞ்சும் தன்னால் சரியாகிவிடும். யாருக்கு என்ன தெரியப்போகிறது? போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உழைத்து வாங்கிய பதவியை ஒரு மாத்திரைக்காக அவர் விடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் முதலில் பதறினார், திட்டினார், பிறகு பெருமூச்சு விட்டார். “அப்போ என்னை நினைச்சு இல்லையா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. லெட்டரை அவர் கொடுக்கவில்லை, இன்னும் வியட்நாமில்தான் இருக்கிறார்.

இப்போது சரியான அளவுதான் சாப்பிடுகிறேன். எந்த மருந்து வந்தாலும் எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று படிக்கிறேன். கை நடுங்குவதில்லை, நன்றாகத் தூங்குகிறேன். ஆனாலும் ஃபெரி ஏறியதும் என்னை அறியாமல் திரும்பி, அவர் கார் நிறுத்தும் இடத்தைப் பார்க்கிறேன். நெஞ்சு நிதானமாகத்தான் அடிக்கிறது. அப்படியும் அவர் வேண்டுமென்றுதான் இருக்கிறது, அது எந்த மாத்திரையாலும் இல்லை என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும்.