மகள் நம்பரைக் கொடுத்தேன்

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக்கொண்டேன். முதலில் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துச் சந்தேகமான இடத்தைக் குறிக்குமாம், பிறகு டாக்டரம்மா பார்ப்பாராம். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் மெசேஜ் வர மகள் ஷீலாவின் நம்பரைக் கொடுத்தேன். மெசேஜ் வந்ததும், "எல்லாம் நார்மல்மா" என்றாள். நிம்மதியாக மகன் கல்யாண வேலையில் இறங்கினேன்.

கல்யாணம் முடிந்தபின், பக்கத்து வீட்டு மேரிக்குத் துணையாக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "ஊசி டெஸ்டுக்கு ஏன் வரவில்லை? கம்ப்யூட்டர் குறித்த இடத்தில் எனக்கும் சந்தேகம் இருக்கிறது. மெசேஜ் அனுப்பி, உங்கள் மகளிடம் போனிலும் சொன்னேனே."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் தள்ளிப்போயிடும், அம்மாகிட்ட சொல்லாதேன்னு அப்பாதான் சொன்னார்" என்றாள் ஷீலா. என் கணவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஊசி டெஸ்ட் எடுத்ததில், புற்றுநோய்தான். நல்ல வேளை, ஆரம்ப நிலை. சிகிச்சை நடக்கிறது. ஆனால் டாக்டரம்மாவின் சந்தேகம் தெரிந்திருந்தும் இரண்டு பேரும் பந்திக்கு என்ன ஸ்வீட் போடலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது எங்கே போனாலும் என் நம்பரையே கொடுக்கிறேன். மெசேஜ் வந்தால் படித்துச் சொல்ல மேரியிடம் நீட்டுகிறேன். ஷீலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்.

— ஒரு வாசகி, கட்கி, புனே