இந்தியில் ஒரு சிநேகிதர்

செம்பூர் பூங்காவில் மாலையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பருக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. தாடி, குர்தா, வாய் நிறைய இந்தி. உத்தரப் பிரதேசத்துக்காரர் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். ஆளைப் பார்த்ததும் ஊரைச் சொல்லிவிடுவேன் என்று ஆபீசில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

பம்பாயில் தெரியாதவரிடம் இந்தியில்தான் ஆரம்பிப்போம். ஆரம்பித்த பாஷை அப்படியே ஒட்டிக்கொள்ளும். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எனக்கே இந்தியில் பஸ் ஆணா பெண்ணா என்று இன்றுவரை நிச்சயமில்லை. அவருக்கும் இல்லை. அவர் பேசுவதை வீட்டில் நடித்துக் காட்டி மனைவியைச் சிரிக்க வைத்திருக்கிறேன். உங்கள் இந்தியும் இதேதானே என்று அவள் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

அந்த அரைகுறை இந்தியில்தான் என் மகனைப் பற்றி அவரிடம் சொன்னேன். நல்ல வேலையை விட்டுவிட்டுப் புனேயில் காபிக்கடை போடப் போகிறேன் என்றான். நான் கண்டபடி கத்தினேன். போனவன் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறான். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவனாக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன் என்பதை இந்தியில் சுலபமாகச் சொல்ல முடிந்தது. தமிழில் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி சில நாள் பெஞ்சுக்கே ஃபோன் செய்து, நீங்களே அவனைக் கூப்பிடுங்களேன் என்பாள். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் புரியாதே என்ற தைரியத்தில், பேசலேன்னா போறான், எனக்கென்ன என்று பூங்காவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வைப்பேன்.

நண்பர் அப்படியில்லை. ஃபோன் வந்தால் பூங்கா வாசல்வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார். எவ்வளவு நாகரிகமான மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற வாரம் அவருக்கு முழங்கால் வலி. ஃபோன் வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தார்.

"ஏலே, உம்மாவ வெயில்ல கூட்டிக்கிட்டு அலையாதலே."

சுத்தமான திருநெல்வேலி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் சொன்ன எல்லாமும் ஒரு தமிழாள் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை. எனக்கும் முழங்கால் சரியில்லை.

நான் தமிழ் என்று எப்போது தெரியும் என்று இந்தியிலேயே கேட்டேன். முதல் வாரமே தெரியும் என்றார் தமிழில். பின் ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டம்மாட்ட தமிழ்ல 'எனக்கென்ன'ங்கிய. ஃபோன வச்சுட்டு எங்கிட்ட இந்தில அழுவிய. நானும் தமிழ்னு தெரிஞ்சா எங்கிட்டயும் 'எனக்கென்ன'ன்னுருவியளோன்னு பயமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சரி, இன்னிக்காவது பேசுனானா?" என்று கேட்டார்.

பழக்கத்தில் இந்தியில் ஆரம்பித்து நிறுத்தினேன்.

"இல்லை. பேசலை," என்றேன்.

இந்தியில் எத்தனையோ முறை சொன்னதுதான். தமிழில் சொன்னபோதுதான் அவன் நிஜமாகவே பேசவில்லை என்று தெரிந்தது.