ஜிப்பா, பிரஸ் பட்டனா?

இன்னைக்கு செல்வம் மச்சானோட சிதம்பரத்துல ஒரு லெதர் கடைக்குப் போனேன். பேங்க் வேலை கெடச்சு, அவனுக்கு சிம்லாவுல போஸ்டிங். அந்தக் காலத்து பைலட்டுங்க போட்ட மாதிரி ஒரு பிரவுன் ஜாக்கெட் தைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

"காலர் எப்பிடி? பாக்கெட் எத்தினி? ஜிப் எந்தக் கலரு?" கடைக்காரர் ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டே வந்தாரு.

ஜிப்புன்னதும் மச்சான் என்னைப் பாத்தான். அவனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழ கெடையாது. ஜிப் மாட்ட ரெண்டு கை வேணும்.

"எதாவது வைங்க சார், நான் தொறந்தே போட்டுக்கிறேன்"னான்.

"சிம்லா குளுருலயா?"ன்னாரு கடைக்காரர்.

அவரு தன்னோட இடது கைய முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கிட்டு, கடையில தொங்குன ஜாக்கெட்டுங்கள ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தாரு. ஜிப் மாட்டவே இல்ல. சாதா பட்டன் நழுவிக்கிட்டே இருந்துச்சு. பிரஸ் பட்டன் மட்டும் ஒத்தக் கையில டக்குனு விழுந்துச்சு.

"இத போட்டுப் பாருங்க சார்."

மச்சான் போட்டான். அஞ்சு பட்டனும் அவனே அழுத்துனான். கண்ணாடிய பாத்துச் சிரிச்சான்.

அதுக்கப்புறம் ஆள கையில புடிக்க முடியல. வெளிய யாருக்கும் தெரியாத உள் லைனிங் துணிக்கு கலர் பாக்கவே முக்கா மணி நேரம். மெரூனா, பச்சையான்னு இன்னும் முடிவாகல.

நீங்களாவது சொல்லித் தொலைங்கப்பா.