அத்தானைச் சரியாகக் காட்டும் போன்

இந்த நாட்டில் போன் கடைக்குள் காலடி வைத்ததும் கண்ணில் படுவது கட்டிப்போட்டிருக்கும் போன்கள்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கம்பி. கம்பியின் மற்ற நுனி மேசையில். கட்டையில் கட்டிய மாடு மாதிரி ஒரு முழத்துக்கு விட்டிருக்கிறார்கள். தூக்கிப் பார்க்கலாம், தடவிப் பார்க்கலாம். அதற்குமேல் இழுத்தால் கடை முழுவதும் கேட்கக் கத்தும். சரி, காசைக் கொடுத்து அவிழ்த்துக்கொண்டு போகலாமென்றால் அதுவும் உடனே நடக்காது. விலை கூடின போன் வாங்க முதலில் ஆலோசனை, ஆலோசனைக்கு ஒரு தெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்து வாங்கும் நேரம். ஜெர்மனியில் பல்லுப் பிடுங்கத் தெர்மின், தலைமயிர் வெட்டத் தெர்மின், தெர்மின் கேட்பதற்கே சில இடங்களில் தெர்மின். வந்து இருபத்திரண்டு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். காசு கொடுக்க வருகிறவனையும் பதினொரு நாள் கழித்து வா என்று அனுப்புவார்கள் என்பது எனக்குப் புதிது. கிளிநொச்சியில் போன் கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கினாலே கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அண்ணை, பிளேன்ரீ குடிக்கிறியளோ?" என்பார்கள். அங்கே வாங்காமல் எழும்பி வருவதுதான் கஷ்டம்.

நான் ஒப்பிட்டுப் பார்க்கப் போனது இன்றைய தேதியில் உச்சியில் நிற்கும் இரண்டு போன்களை. கம்பனிகளின் பெயரைச் சொல்லி இலவச விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றை அமெரிக்கன் என்றும் மற்றதைக் கொரியன் என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் நகரத்துத் தமிழர் இந்த விடயத்தில் இரண்டு கட்சி. கோயில் மண்டபத்தில் சோறு சாப்பிடும்போது அமெரிக்கன் கட்சிக்காரர் போனைக் குப்புற வைப்பார்கள், முதுகு தெரியவேண்டும் என்பதற்காக. கொரியன் கட்சிக்காரர் நிலவை நூறு மடங்கு கிட்டக் கொண்டுவந்து காட்டுவார்கள். நிலவில் எங்களுக்கு என்ன அலுவல் என்று கேட்டேன். அன்றிலிருந்து இரண்டு கட்சியும் என்னைச் சேர்ப்பதில்லை. நான் அதுவரை வைத்திருந்தது கண்ணாடி வெடித்த ஒரு பழைய போன். பேக்கரியில் மாப் பிசைகிறவனுக்கு அது போதும்.

எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அக்காவுக்கு.

அக்கா கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்தில் இருக்கிறார். ஒரே மகள் மதுராவுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. நான் நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள் அவள். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, கடைசிச் சண்டையின் முடிவில், அவளுடைய தகப்பன், என் அத்தான், காணாமல் போனார். இறந்ததைக் கண்டவர் இல்லை. இருப்பதைக் கண்டவரும் இல்லை. அக்கா இன்றுவரை பொட்டு வைக்கிறார். சொந்தக்காரருக்கு அந்தப் பொட்டு பெரிய இடைஞ்சல். கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அத்தானின் படத்துக்கு ஒரு மாலையைப் போட்டு வைத்துவிட்டால் எல்லாம் முறைப்படி முடிந்துவிடுமாம், அக்கா பின்வரிசையில் இருந்து பார்க்கலாமாம். தாரை வார்த்துக் கொடுக்க ஓமந்தை மாமாவும் மாமியும் நிற்கட்டும் என்பதற்கு அக்கா சம்மதித்தார். மாலைக்குச் சம்மதிக்கவில்லை. அத்தானுடைய படம் மணவறைக்குப் பக்கத்தில், ஒரு கதிரையில், உயிரோடு இருக்கிற மனிசன் மாதிரி இருக்கவேண்டும், தான் பொட்டோடு முன்னுக்கு நிற்கவேண்டும். அவருடைய பிடிவாதம் அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அத்தானுக்கு இருப்பது ஒரேயொரு படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மற்ற அல்பங்கள் இடம்பெயர்ந்த வழியில் எங்கெங்கோ போய்விட்டன. கடைசிச் சண்டையில் கழுத்தளவு தண்ணீரில் களப்பைக் கடக்கும்போது அந்த ஒன்றும் நனைந்து மை ஊறிவிட்டது. பிறகு எங்கள் ஆட்களின் வழக்கப்படி அக்கா அதை லமினேற் பண்ணினார். வன்னியில் இடம்பெயர்ந்த சனம் லமினேற் பண்ணாத பொருள் இல்லை; பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூட றிப்போட், எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்ரிக். இனி நனையாது என்பது உண்மைதான். ஏற்கெனவே பிடித்த ஈரமும் இனி வெளியேறாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஊறிய மையும் நடுவில் விழுந்த மடிப்பும் அத்தானும் நிரந்தரமாக ஒன்றாக ஒட்டிப்போனார்கள்.

"ஸ்ரூடியோவில குடுத்தால் கோட்டும் ரையும் போட்டு நீலக் கலர் அடிச்சுத் தாறாங்கள்" என்றார் அக்கா. "உன்ர அத்தான் எங்கட கலியாணத்துக்கே கோட்டுப் போடாத மனிசன். இப்ப வாற போனுகளில பழைய படத்தையும் தெளிவாக்கலாமெண்டு பிள்ளை சொல்லுறாள். உனக்கு அங்க எல்லாம் தெரியும்தானே தம்பி. எந்தப் போன் அத்தானைச் சரியாக் காட்டுமோ, அதைப் பாத்து வாங்கி அனுப்பு."

எனக்கு இங்கே எதுவும் தெரியாது என்பதை இருபத்திரண்டு வருடமாக மறைத்து வருகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது ஊரில் அசைக்கமுடியாத நம்பிக்கை. அதைக் கெடுக்கக்கூடாது. மூன்று கிழமை இரவும் பகலும் ஒப்பீட்டு வீடியோக்கள் பார்த்தேன். எவனெவனோ போனைக் கத்தியால் கீறினான், கூரையிலிருந்து போட்டான், தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினான். ஒன்றரை மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் என்று இரண்டு கட்சியும் பெருமை பேசின. அத்தானின் படம் களப்புத் தண்ணீரில் அதைவிடக் கூட நேரம் தாக்குப்பிடித்தது. அதற்கு யாரும் வீடியோ போடவில்லை.

அத்தானை எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு மோட்டார்சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர். பதினேழு வயதில், பூநகரி றோட்டில், அவர் பின்னால் இருந்துகொண்டு, "கிளச்சை விடடா, மெல்லமா விடடா" என்று கத்த, நான் முழுவதாக விட்டு, மதகில் அடித்து, இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். என் முழங்கால் சிதம்பிப் போய்விட்டது. அந்தத் தழும்பை அகதி விசாரணையில் ஒரு வைத்தியர் அளந்து எழுதினார், நான் அது எப்படி வந்தது என்று உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. மழைக்காலத்தில் இன்றும் அது உளையும். மாடு குறுக்கே வந்தது என்று அத்தானும் நானும் சேர்ந்து அக்காவுக்குச் சொன்ன பொய், நான் நாட்டைவிட்டுக் கொண்டுவந்த நல்ல ஞாபகங்களில் ஒன்று.

தெர்மின் நாள் வந்தது. ஆலோசகரின் பெயர் ஃபுளோரியான். நெஞ்சுவரை தாடி, கையில் கணினிப்பலகை, முகத்தில் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த சிரிப்பு. விளையாட்டா, வேலையா, பயணமா, எதற்குப் போன் தேவை என்று கேட்டான். அக்கா அனுப்பி என் பழைய போனில் இருந்த அத்தானின் படத்தைக் காட்டி, இவரைத் தெளிவாக்கவேண்டும் என்றேன்.

"இவர் இறந்துவிட்டாரா?"

"இல்லை."

"அப்படியானால் புதிதாக ஒரு படம் எடுக்கலாமே! இரண்டு போனிலும் கமெரா அருமை."

"அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது."

ஃபுளோரியான் சிரிப்பை நிறுத்தி, குரலையும் இறக்கினான். "புரிகிறது. உங்கள் அக்காவை விட்டுப் போய்விட்டார். என் அப்பாவும் அப்படித்தான் போனார்." என் ஜெர்மன் அறிவில் களப்பையும் கடைசிச் சண்டையையும் சொல்லிமுடிக்க அவன் தந்த நாற்பது நிமிடம் போதாது. "யா, யா" என்று தலையை ஆட்டினேன். அவன் என் தோளில் தட்டினான். நல்ல பிள்ளை, அவனில் பிழையில்லை.

பிறகு வித்தை தொடங்கியது. முதலில் அமெரிக்கனில் படத்தை ஏற்றி ஒரு பொத்தானை அமத்தினான். ஒரு வெளிச்சக்கோடு அத்தானின் முகத்தில் மேலும் கீழும் ஓடியது. ஊறிய மை போனது, மடிப்புப் போனது, வெயிலில் கறுத்த தோலும் போனது. போனுக்குள்ளிருந்து வங்கி முகாமையாளர் ஒருவர் என்னைப் பார்த்தார், கடன் தரமாட்டேன் என்பது போல. அடுத்து கொரியன். அது இன்னும் தாராளம். கேட்காமலே உதட்டை விரித்து, அத்தானுக்கு வரிசையான வெள்ளைப் பற்களும் கொடுத்தது. ஃபுளோரியான் "சூப்பர்!" என்று கைதட்டினான். பக்கத்து மேசைக் கிழவிகூட எட்டிப் பார்த்து அழகான மனிதர் என்றாள். இரண்டையும் உடனே அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அக்கா அழைப்பு எடுத்தார்.

"ஆர் தம்பி இது? பாங்கில வேலை செய்யிறவரே?"

"அத்தான், அக்கா."

"மற்றது?"

"அதுவும் அத்தான்தான்."

அக்கா இரண்டு படத்தையும் திரும்ப ஒருமுறை பார்த்திருப்பார். பிறகு, "சரி, நீ சொல்லு. நீயும் அவரோட திரிஞ்சனிதானே. ரெண்டில எது அவர் மாதிரி?"

இரண்டு போன்களையும் கம்பி எட்டும் தூரத்துக்கு இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன். ஒரு கணம் முதலாவது போல இருந்தது, ஒரு கணம் இரண்டாவது. பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி, "ரெண்டாவது அக்கா" என்றேன்.

"நாடியில காயம் எங்க?"

"என்ன காயம்?"

"என்ன காயமோ? நீ மதகில கொண்டுபோய் அடிச்சு விழுத்தேக்க வந்த காயம். ஆறு தையல் போட்டது. மாடு வந்ததெண்டு ரெண்டு பேரும் சேந்து கதை விட்டனீங்கள், எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே?"

பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். மடிப்புக்குப் பக்கத்தில், உதட்டுக்குக் கீழே நாடியில், சரிவாக ஒரு கோடு. அதையும் நான் இத்தனை காலம் படத்தின் பழுது என்றே நினைத்திருந்தேன். போன்களும் அப்படித்தான் நினைத்தன. என் முழங்காலை இருபத்திரண்டு வருடமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். அதே வாய்க்காலுக்குள் என்னால் கிழிந்த அந்த மனிசனின் நாடி எனக்கு ஞாபகம் இல்லை. வெட்கத்தில் அழுகை வந்தது, கடையென்றும் பாராமல் வந்தது. ஃபுளோரியானிடம் அந்தக் கோட்டைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். "கவலை வேண்டாம், கீறல்களைத் தானாகவே நீக்கிவிடும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை" என்றான்.

"விடு தம்பி" என்றார் அக்கா. "ஊறின படத்தையே பெருசாக்கிப் போடுவம். அதில அவர் இருக்கிறார். போனை அனுப்பு, நீயும் வரேல்லைத்தானே. உன்னையாவது தெளிவாப் பாப்பம்."

வரவில்லை என்பது உண்மை. எங்கள் பேக்கரியில் ஊர்லாப், அதாவது வருட விடுமுறை, எந்தக் கிழமை என்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். கிளிநொச்சிச் சாத்திரியார் ஆவணியில் நாள் குறிக்கப்போவது ஜனவரியில் எங்கள் மேலாளருக்குத் தெரியவில்லை. அந்த நாளை மாற்றச் சொல்லி உங்கள் ஊரில் நாள் குறிக்கும் அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார் அவர். நான் போனை ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். அமெரிக்கனா கொரியனா என்று கேட்காதீர்கள். சொன்னால் மற்றக் கட்சி என் வீட்டுக்கு வரும்.

கலியாண நாள். எனக்குக் காலை ஐந்தரை, குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறேன். இடுப்புக்கு மேல் பட்டுச் சால்வை, இடுப்புக்குக் கீழே வேலைக் காற்சட்டை, ஏழு மணிக்கு பேக்கரிக்கு ஓடவேண்டும். அங்கே போனைச் சுற்றிக் காட்டினார்கள், மணவறைக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை. ஒன்றில் சட்டம் போட்ட அத்தான், ஊறிய மையும் மடிப்பும் தழும்புமாக. மற்றதில் புதுப் போனை ஒரு தாங்கியில் நிறுத்தி என்னை இருத்தியிருந்தார்கள். படம் அவ்வளவு தெளிவு, அக்காவின் பொட்டில் வியர்வை துளிர்ப்பதுகூடத் தெரிந்தது. என் குசினியின் காற்றாடிச் சத்தம் மேளத்தோடு கலக்கிறது என்று மதுராவின் சிநேகிதி வந்து என் சத்தத்தை நிறுத்திவிட்டாள். இனி நான் பார்க்கலாம், பேசினால் யாருக்கும் கேட்காது.

அப்போது ஓமந்தை மாமா வந்தார், கையில் கொழுத்த ஒரு பூமாலை. நேரே அத்தானின் கதிரைக்குப் போனார். சபை பார்த்துக்கொண்டிருக்க அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"அவருக்குப் போடாதேங்கோ மாமா. அவர் வருவார்."

மாமா மாலையை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். கொண்டுவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோவது நல்ல சகுனமில்லை. "அப்ப சரி, இவருக்குப் போடுவம்" என்று சொல்லி, சிரித்தபடி, பக்கத்துக் கதிரையில் இருந்த என் மேல் போட்டார். என் பார்வையின் இரண்டு கரையிலும் செவ்வந்தி தொங்கியது. நல்ல மனிசன், அவரிலும் பிழையில்லை.

"அக்கா, கழட்டச் சொல்லுங்கோ" என்று கத்தினேன். குசினிச் சுவருக்குக் கேட்டிருக்கும். அக்கா திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அத்தானின் சட்டம் கொஞ்சம் சரிந்திருக்கவேண்டும், கை நீட்டி அதை நிமிர்த்தினார். பிறகு என்னிடம் வந்து குனிந்து, மாலை என் முகத்தை மறைக்காதபடி இரண்டு பக்கமும் விலக்கிவிட்டு, மணவறைக்குத் திரும்பிப் போனார்.