நாம் என்று சொன்ன இடம்

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்து ஆரோக்கியசாமி வாத்தியாருக்கு மேடைப் பேச்சாளர்கள் என்றாலே இளக்காரம். தேர்தலுக்கு நிற்கும் வக்கீல் யாராவது தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனால், மறுநாள் வகுப்பில் அந்தப் பேச்சைக் கோழி உரிக்கிற மாதிரி உரித்துவிடுவார்.

"கைதட்டல் கெடக்கட்டும். எங்க 'நாம்'னாரு, எங்க 'நாங்கள்'னாரு, அதைப் பாருங்க. நாம்னா கேக்கறவனும் உள்ள. நாங்கள்னா அவன் வெளிய. ஓட்டு வாங்கற வரைக்கும் நாம்தான்." பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இவரோ தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலுக்கு மயிர் மழிக்கிற மரியம்மாளின் மகன். அது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டார் என்பதுதான் சரி. கோட்டு, தலைப்பாகை, டவுனில் தனி அறை, அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை.

தோல்ஷாப்பின் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கி, மரியம்மாள் இருந்த சேரியின் கிணறு வாயில் வைக்க முடியாமல் போயிற்று. ஜனங்கள் கூட்டம் போட்டு தாலுகா போர்டு பிரசிடெண்ட்டை அழைத்தார்கள். நம்மில் படித்தவன் இவன்தானே என்று ஆரோக்கியசாமியைப் பேசச் சொன்னார்கள். பிரசிடெண்ட் அவருடைய கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்ததும் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். மரியம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பேச எழுந்த ஆரோக்கியசாமியின் வாயில் வந்தது இதுதான்: "இவர்கள் ஒன்றும் அறியாத ஜனங்கள். படித்த நாம்தான் இவர்களைக் கவனிக்க வேண்டும்." கிணறு வெட்டித் தருவதாக அங்கேயே வாக்குக் கிடைத்தது.

மறுநாள் வகுப்பில், சமீபத்தில் கேட்ட பேச்சு ஒன்றை அலசச் சொன்னார். நிசார் அகமது எழுந்தான்.

"நேத்து கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். நீங்க பேசினதையே எடுத்துக்கறேன் சார். 'எங்களுக்குக் கிணறு வேணும்'னு நீங்க கேக்கல. 'நாம்'னு சொல்லி பிரசிடெண்ட்டையும் உங்களையும் ஒண்ணா சேத்துட்டு, ஜனங்களை 'இவர்கள்'னு தனியா நிறுத்திட்டீங்க. அதான் அவரு உடனே ஒத்துக்கிட்டாரு. ரொம்ப சாமர்த்தியம் சார்."

பையன் மனசாரத்தான் புகழ்ந்தான். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அது சாமர்த்தியமே இல்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்த சுகத்தில் தானாக வந்த சொல் என்பது அவருக்கல்லவா தெரியும்! தரையில் இருந்தது என் அம்மா என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் "சரி, உக்காரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும், மன்னிப்புக் கேட்டே தீருவது என்று அம்மாவிடம் போனார்.

"அம்மா, அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசினது..."

"நல்லாத்தான் பேசின. கெணறு வருதில்ல?" என்றாள் மரியம்மாள். "பேரணாம்பட்டுலேர்ந்து ஷாப்புக்குப் புதுசா வேலைக்கு வந்திருக்கா ஒருத்தி. யாரு அந்த சாரு, உனக்குத் தெரியுமான்னு கேட்டா. தெரியாதுன்னுட்டேன். பெரிய மனுசங்க நடுவுல உனக்கு எதுக்குப்பா பேஜாரு?"