பச்சைச் சுவரில் பூசிய நீலம்

அந்தக் கோயில் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஐம்பதுகளின் கடைசி. அதுவரை நான் எழுதியதெல்லாம் துணியில்தான். நாடகக் குழுக்களுக்கு அரண்மனைத் திரை, காட்டுத் திரை. சேலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிட மாடிப்படியும் பூந்தொட்டியும். நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினால் திரை வெடித்துவிடும். வேறு யாராவது அதன் மேலேயே வேறொன்றை எழுதிவிடுவார்கள். நிற்கிற மாதிரி ஒன்றை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போது ஒரு நோய் போல இருந்தது.

நாமக்கல் போகும் சாலையில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு அது. பங்குச்சாமியார் பீடத்துக்குப் பின்னால் இருந்த பழைய சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார். அதில் மாதா மோட்சத்துக்கு எழுந்தருளும் காட்சியை ஒன்பதடி உயரத்துக்கு எழுத வேண்டும். மாதா திருநாளுக்குள் முடிய வேண்டும். நன்றாக வந்தால், வேறோர் ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய கோயிலுக்குச் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கையும் எனக்கே வாங்கித் தருவதாகச் சொன்னார். பதினான்கு படங்கள் என்றால் இரண்டு வருஷ வேலை. நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன்.

சுவரைக் கட்டிய கொத்தனார் ஜேடர்பாளையம் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் மனைவிதான் அவருக்குக் கலவை குழைத்துத் தருவது. நான் சாரத்தில் ஏறிச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கீழே நின்று சொன்னார்.

"சுவரு இன்னும் பச்சையா இருக்குதுங்க. ரெண்டு மாசமாச்சும் காயோணும்."

எண்ணெய்ச் சாயம் என்றால்தான் ஈரம் ஆகாது, நான் எழுதப்போவது வஜ்ரப் பசையில் கரைத்த பொடிச் சாயம், அதற்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். பட்டணத்துக்காரன் பேசுகிற தோரணையில்தான் பேசியிருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உண்மையில் புதுச் சுண்ணாம்பின் மேல் நான் ஒரு கோடுகூட இழுத்ததில்லை.

கையளவு மாதா படத்தில் கட்டம் போட்டு, அதைப் பழுப்புக் காகிதத்தில் ஒன்பதடிக்குப் பெருக்கினேன். கோடுகள் மேலெல்லாம் ஊசியால் துளையிட்டேன். காகிதத்தைச் சுவரில் ஒட்டி, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டித் தட்டி எடுத்தால், காகிதத்தை உரித்த பிறகு புள்ளிப் புள்ளியாக மாதா நிற்பாள். அதற்கப்புறம் வஜ்ரத்தைக் கரி அடுப்பில் காய்ச்சிச் சாயம் கலப்பது. முகத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. மேலாடைக்குப் பிரஷ்யன் ப்ளூ எடுத்தேன். ஆழமான நீலம், ஒரு சிட்டிகை போட்டால் ஒரு சட்டி நிறம் தரும். திரைகளில் இரவு வானத்துக்கு எப்போதும் அதைத்தான் போடுவேன். இருபது நாளில் முடித்தேன். திருநாளுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. சாமியார் முழங்காலிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து, என் தோளைத் தொட்டார்.

மூன்றாம் நாள் காலைப் பூசையில் பார்த்தேன். மேலாடையின் கீழ் மடிப்பில், தேநீர் சிந்தியது போல ஒரு கறை.

பூசை முடியும் வரை என் கண் அதைவிட்டு நகரவில்லை. ஆட்கள் போனதும் சாரத்தில் ஏறி அதன்மேல் புதுச் சாயம் வைத்தேன். மறுநாள் அதே இடம் மறுபடி பழுத்திருந்தது; பக்கத்தில் இன்னும் மூன்று இடம். அதற்கடுத்த நாள் மாதாவின் இடுப்பிலிருந்து பாதம் வரை துருப்பிடித்த தகரம் போல ஆகிவிட்டது. முகத்திலும் மேகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. நீலம் மட்டும்தான் செத்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதை முழுதாக நினைத்துப் பார்க்க நான் பயந்தேன்.

சாமியார் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரும் பங்கு ஆட்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். சுண்ணாம்பு சரியாக நீறவில்லை, மணலில் உப்பு இருந்திருக்கிறது என்று சாமியார் சொன்னார். கொத்தனார், மணல் காவேரி மணல், சுண்ணாம்பு இருபது நாள் குழியில் கிடந்தது என்றார். அப்போது சாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினான்கு படங்கள் ஒரு நொடியில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"சுவத்துலதான் ஏதோ உப்பு இருக்கும் போலிருக்கு, சாமி."

கொத்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கரணையையும் மட்டப்பலகையையும் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் மனைவி வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார். சேலத்திலிருந்து வேறு கொத்தனார் இரண்டு நாளில் வந்து பூச்சைக் கொத்தி எடுப்பார் என்று சாமியார் முடிவு செய்தார். கொத்தினால் முகமும் போய்விடும்.

மறுநாள் தூரிகை கழுவ, பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குப் போனேன். அதுவும் அதே கொத்தனார் அதே மாதம் பூசியதுதான். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் சலவை நீலம் கொஞ்சம் கலந்திருந்தார், எல்லா வீட்டிலும் கலப்பது போல. அந்தச் சுவர் முழுக்க மெல்லிய நீலம் ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது. அதே மணல், அதே சுண்ணாம்பு.

ஓர் உடைந்த ஓட்டில் ஈரச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டு, ஒரு பக்கம் என் பிரஷ்யன் ப்ளூவையும் மறுபக்கம் கடையில் வாங்கிய சலவை நீலப் பொடியையும் குழைத்து ஜன்னலில் வைத்தேன். பகல் உணவுக்குள் என் நீலம் சேற்று நிறமாகிவிட்டது. மற்றது அப்படியே இருந்தது. சுண்ணாம்பின் காரம் என் சாயத்தைத் தின்றிருக்கிறது. சுவரில் குற்றமே இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் முதலில் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். நான் உண்மையைச் சொல்லவில்லை. சாமியாரிடம் போய், கொத்த வேண்டாம், வேறு சாயத்தில் சரிசெய்ய வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. அவன் கெடுத்ததை நீ காப்பாற்றிவிட்டாய் என்றார். பிறகு, பக்கத்து ஊரில் கட்டப்போகும் பள்ளிக்கூட வேலைக்கு அந்த ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று அங்குள்ள சாமியாருக்குக் கடிதம் எழுதிவிட்டதாகவும், உபதேசியார் நாளைக்கு எடுத்துக்கொண்டு போவார் என்றும் சொன்னார். நான் ஆமாம் என்பது போல் தலையசைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு அந்த ஓட்டுத் துண்டை ஜன்னலிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன்.

காலையில் உபதேசியாரின் வீட்டுக்குப் போய், அந்தக் கடிதத்தை ஒரு நாள் வைத்திருங்கள் என்று கேட்டேன். அவருடைய சைக்கிளையும் இரவல் கேட்டேன். ஜேடர்பாளையம் பக்கம் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. கொத்தனார் வீட்டு முன் கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, சுவத்தைக் கொத்தியாச்சுங்களா?"

"இல்ல. சுவத்துல குத்தமில்ல மேஸ்திரி. என் சாயம்தான் சுண்ணாம்புக்கு ஆகாத சாயம்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். "அன்னைக்கு உங்க வாயில இது வரலீங்களே" என்றார்.

அவர் உட்காரச் சொல்லவில்லை, ஆனால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் கொத்தனார் பேசினார்.

"எங்கூட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னா ஆச்சுங்களா? அன்னைக்கு நின்னவங்க அத்தன பேரு முன்னாலயும் சொல்லோணும். நானும் வாரேன். சொல்றதக் கேக்கோணும்."

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சொன்னேன். அதே ஆட்கள். கொத்தனார் வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், உள்ளே வரவில்லை. சுவர் காயவில்லை என்று அவர் எச்சரித்ததையும், நான் கேளாததையும், உப்பு என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். ஓட்டுத் துண்டை நீட்டினேன். சாமியார் அதை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொத்தனாரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, வேலையை முடித்துத் தரும்படி கேட்டார். உபதேசியாரிடமிருந்து கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

திருநாளுக்கு எட்டு நாள் இருந்தது. பழுத்த சாயத்தைச் சுரண்டி எடுத்தோம். கொத்தனார் மேலாடை அளவுக்கு மட்டும், ஒரு முழம் ஒரு முழமாக, மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு போடுவார். அது இறுகுவதற்குள் நான் சலவை நீலத்தைச் சுண்ணாம்புத் தெளிநீரில் கரைத்துத் தீட்ட வேண்டும். முந்தினால் கரைந்து ஓடும், பிந்தினால் ஒட்டாது. அந்த நேரம் எப்போது என்று அவர் விரலுக்குத்தான் தெரியும். சாரத்தில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். "இப்பத் தீட்டுங்க." "நிறுத்துங்க." மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியது இந்த இரண்டுதான். அவர் மனைவி கீழேயிருந்து கலவைச் சட்டியைத் தூக்கித் தருவார். ஒரு மடிப்பைத் தப்பாக இழுத்துவிட்டேன். அது அங்கேயே இறுகிவிட்டது.

காயக் காய நீலம் வெளுத்துக்கொண்டே போயிற்று. எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாளும் பொழுது விடிந்ததும் கோயிலுக்கு ஓடிப் பார்ப்பேன். திருநாளன்று வெயில் கால வானத்தின் நிறத்தில் நின்றுவிட்டது. நான் நினைத்திருந்த ஆழம் இல்லை. ஆனால் கறை ஒன்று இல்லை. பெண்கள் மாலையும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து அதன் முன் முழங்காலிட்டார்கள். எனக்கு ஜெபம் வரவில்லை. தப்பாக இழுத்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு படங்களும் திருச்சிக்காரர் ஒருவருக்குப் போயின. அதை உபதேசியார்தான் எழுதித் தெரிவித்தார். சாமியார்மேலும் கொத்தனார்மேலும் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இருந்தது, ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. நான் மறுபடியும் திரைகளுக்குப் போனேன். அறுபதுகளில் நாடகக் குழுக்கள் குறையத் தொடங்கி, திரை வேலையும் வற்றிற்று. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் வெறும் சாம்பல் திரையே போதும் என்றார்கள்.

அப்படி வேலை தேடி அலைந்த ஒரு நாள் திருச்செங்கோட்டில் ஈரோடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கொத்தனாரும் அவர் மனைவியும் கரணைச் சாக்கோடு எதிரே வந்தார்கள். கொத்தனார் தன் ஊரில் ஒருவருக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முகப்பில் படம் எழுத ஆள் வேண்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆள் இருக்குதுங்க" என்றார்.

சற்றுத் தூரம் போனவர் திரும்பி வந்தார். மலைக்குப் போகும் வழியில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்று இருப்பதாகவும், அங்கே பலகையில் பூவும் எழுத்தும் போட ஆள் தேடுவதாகவும் சொன்னார்.

"நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க. உங்க கையப் பாத்துக் குடுத்தாங்கன்னா சரி."

நான் திங்கட்கிழமை போனேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் என்னை ஒன்றும் கேட்காமல் உப்புத்தாளைக் கையில் கொடுத்து ஒரு லாரியின் பின்கதவைக் காட்டினார். அன்று முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே ஒன்பது வருஷம் வேலை செய்தேன்.